ஜயாவின் திங்கட்கிழமைகள்

அன்புள்ள ரமணிக்கு,

இதை எழுத உட்காரும்போது மத்தியானம். மாதுங்காவில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. உன் அப்பா ஆபீஸ் போயிருக்கிறார். ஜயாவும் குழந்தையும் உள் அறையில் தூங்குகிறார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தமும், தூரத்தில் லோக்கல் வண்டி போகிற சத்தமும் தவிர வீட்டில் வேறு ஓசை இல்லை. இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். வெறும் வயிற்றோடு எழுதுகிறேனா, எழுத்து கொஞ்சம் மிதந்து மிதந்துதான் போகும். நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தையின் படங்கள் வந்து சேர்ந்தன என்று எழுதியிருந்தாய். எல்லாப் படத்திலும் அவள் என் மடியில்தான் இருக்கிறாள், ஜயா எங்கே, ஒன்றில்கூட அவளைக் காணோமே என்று கேட்டிருந்தாய். ஒரு வருஷத்துக்கு மேலாக ஜெர்மனியில் மிஷின்களோடு குடித்தனம் பண்ணுகிற பிள்ளை, பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கேட்கிறாய். நியாயம்தான். ஸ்டுடியோவுக்கு அவளும்தான் வந்தாள். புடவை மாற்றிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, தலை நிறையப் பூவோடு வந்தாள். விளக்கைப் போட்டதும் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் அவள் நின்ற கதையைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். "இதெல்லாம் பிள்ளைக்கு அம்மா எழுதற விஷயமா?" என்றார். "அப்போ நீங்க எழுதுங்கோ" என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நீ கப்பல் ஏறியபோது ஜயாவுக்கு மூன்றாம் மாதம். வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல், குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்துக்கொண்டு, முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். நீ பார்த்த ஜயா அவள்தான். பிறகு ஏழாம் மாதத்தில் செம்பூருக்கு அழைத்துப் போனார்கள், பிரசவம் நல்லபடியாக ஆயிற்று. அதன் பிறகு உன் மாமியார் அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தை ஒரு குறை சொல்லமாட்டேன், சொன்னால் நாக்கு அழுகிவிடும். பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தாள். லேகியத்தை எலுமிச்சங்காய் அளவு உருட்டிக் கொடுத்தாள். சுடச்சுட மிளகு ரசம், அதன் மேல் நெய், நெய்யின் மேல் இன்னும் கொஞ்சம் நெய். தண்ணீர் மட்டும் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையால் கணக்குப் பார்த்துத்தான். கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. பச்சை உடம்பு, பத்தியம் காக்க வேண்டும் என்றால் அப்படித்தான் நம் பக்கத்தில். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் டாக்ஸியில் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் ஆரத்தி எடுக்கும்போது பார்த்தேன். கன்னம் நிரம்பி, கை நிரம்பி, வளையல் ஏறாமல் கழற்றி வைத்திருந்தாள். என் கண்ணுக்கு மகாலட்சுமி வந்து நின்ற மாதிரி இருந்தது. என் கண்ணே பட்டுவிடுமோ என்று பயந்து திருஷ்டி கழித்தேன்.

ஆனால் உலகத்தில் என் கண் மட்டுமா இருக்கிறது? குழந்தை பார்க்க வந்தவர்களெல்லாம் முதலில் குழந்தையைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள். "நீ ஜயாவா, ஜயாவோட அம்மாவா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜயாவும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், கேலிக்குச் சிரிக்காமல் எப்படி இருப்பது? அன்று சாயங்காலம் அவள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலும் கொக்கி எட்டவில்லை. நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது பெட்டியைச் சட்டென்று மூடினாள். பெரிதாக நினைக்கவில்லை. மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம், வீட்டில் அரிசிக்குப் பூச்சி, துணிக்குப் பூஞ்சை என்று எனக்கு ஆயிரம் வேலை.

அப்போதுதான் சிராவண மாதம் பிறந்தது. நமக்கு ஆடி பாதி. கீழ்வீட்டு சுலபாபாய் திங்கட்கிழமை தோறும் விரதம் இருப்பாள் என்று உனக்குத் தெரியும். மராத்திக்காரர்களின் வழக்கம், பதினாறு திங்கட்கிழமை இருந்து முடிப்பார்கள். அவள் மாடிக்கு வந்து பிரசாதம் கொடுக்கும்போது ஜயா, "நானும் இருக்கட்டுமாம்மா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு வாயெல்லாம் பல். இருக்காதே என்று எந்த மாமியார் சொல்வாள்? விளக்கேற்றி, தீர்த்தம் விட்டுச் சங்கல்பம் பண்ணிக்கொண்டாள். சுலபாபாயாவது சாயங்காலம் ஜவ்வரிசிக் கிச்சடியும் வாழைப்பழமும் சாப்பிடுவாள். நம் ஜயா ஒரு தம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டாள். அடுத்தபடியாக வெள்ளிக்கிழமை ஒருபொழுது. அப்புறம் சஷ்டி வந்தது, ஏகாதசி வந்தது. சனிக்கிழமை ராத்திரி நம் வீட்டில் எப்போதும் பலகாரம்தான், அதையும் அவள் ஒரு தோசையோடு முடித்துக்கொண்டாள். ஊர் விரதம், அக்கம்பக்கத்து விரதம் எல்லாம் சேர்ந்து, அவள் காலண்டரில் சாப்பாட்டுக்கு நாள் இல்லாமல் போய்விட்டது. சாப்பிடு என்றால் கேட்பவளாக இருந்திருந்தால் நான் அதட்டியிருப்பேன். விரதம் என்றால் நம் வீட்டில் யார் வாயைத் திறப்பார்கள்? வேண்டாம் என்று தட்டை நகர்த்தினால் திட்டுவோம், சாமிக்காக என்று நகர்த்தினால் கும்பிடுவோம்.

பஜனை மண்டலியில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. "பச்சைக் குழந்தையை வைச்சுண்டு இத்தனை விரதம் இருக்கா. இந்தக் காலத்துல யார் இருப்பா?" என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். மாமிகள் வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கேலி பண்ணின அதே வாய்கள் இப்போது, "முகத்துல என்ன ஒரு களை பாரு, உடம்பும் இளைச்சிருக்கு" என்றன. ஜயா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த நாட்களை எப்படி உனக்குச் சொல்வது? மழை வெளியே ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்கும். கூடத்தில் கட்டிய கயிற்றில் குழந்தைத் துணிகள் தொங்கும். அவற்றை உலர்த்தச் சாம்பிராணிப் புகை போட்டு வைப்பேன். அந்தப் புகைக்குள் ஜயா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். எதிர்க் கட்டடத்துத் தாழ்வாரத்தில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு தாலாட்டை முணுமுணுப்பாள். பாட்டு பாதியில் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் கண் திறந்தபடி இருப்பாள், ஆனால் இங்கே இல்லை. குழந்தை மார்பில் வாய் வைத்தபடியே தூங்கிப் போயிருக்கும். நானும் அரிசி பொறுக்குகிற முறத்தோடு அப்படியே கண் அசந்துவிடுவேன். எத்தனையோ மத்தியானங்கள் அப்படிப் போயின. வீடே ஏதோ மருந்து குடித்தமாதிரி மயங்கிக் கிடந்தது, அந்த மயக்கம் எனக்குப் பிடித்தும் இருந்தது. "பசிக்கலையாடி?" என்று ஒரு நாள் கேட்டேன். "பசியே தெரியலைம்மா. லேசா இருக்கு. எழுந்து நின்னா பறக்கற மாதிரி இருக்கு" என்றாள். பக்தி முற்றினால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பெண்ணோ அழவே அழாது. "என்ன சமர்த்துக் குழந்தை" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீ இந்த வயசில் கட்டடத்தையே எழுப்புவாய், அந்தக் கதையெல்லாம் சொல்லிக் காட்டுவேன். இது பாலுக்குக்கூட எழுப்பினால்தான் எழுந்திருக்கும், இரண்டு வாய் சப்பும், மறுபடி தூங்கும். துணியும் அதிகம் நனைக்காது. மழைக்காலத்தில் குழந்தைத் துணி உலர்த்துவது எவ்வளவு பெரிய பாடு என்று உனக்குத் தெரியாது. நாளாக ஆகக் கயிற்றில் துணி குறைந்துகொண்டே வந்தது. பகவானே, இந்த வயசான காலத்தில் எனக்கு இரக்கம் காட்டினாயே என்று நான் நன்றி சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன், ரமணி. குழந்தை நனைக்காததற்கு விளக்கு முன்னால் நின்று கும்பிட்ட பாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆவணி பாதி போனபோது, அம்மை ஊசி போடக் குழந்தையை சயானில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். மராத்திக்காரி. நல்ல கனமான உடம்பு. நாற்காலி அவளைப் பொறுத்துக்கொண்டு முனகும். குழந்தையைத் தராசுத் தட்டில் வைத்தாள், முள்ளைப் பார்த்தாள், பழைய சீட்டைப் பார்த்தாள், மறுபடியும் முள்ளைப் பார்த்தாள். போன தடவை வந்தபோது என்ன எடை இருந்ததோ, அதே எடை. நடுவில் ஒரு முழு மாதம் போயிருக்கிறது. குழந்தையின் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள், வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தாள். "அழறதா?" என்று இந்தியில் கேட்டாள். எனக்குத் தெரிந்த மார்க்கெட் இந்தியில் பெருமையாகச் சொன்னேன், "பஹுத் சாந்த், டாக்டர்பாய். ரோத்தாச் நஹி." ரொம்பச் சமர்த்து, அழுவதே இல்லை என்று. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சாந்த் நஹி, மாஜி. பூக்கா ஹை" என்றாள். சமர்த்தில்லை, பசி. அழுவதற்குத் தெம்பில்லாமல் தூங்குகிறது என்றாள்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் ஜயா பக்கம் திரும்பி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். "நேற்று ஏகாதசி" என்றாள் ஜயா. இன்றைக்கு? "துவாதசி. காலையில் கொஞ்சம் கீரையும் சாதமும்." அதற்கு முந்தின நாள்? ஜயா குழந்தையின் சட்டையைச் சரி பண்ணினாள். டாக்டரம்மா கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. நாற்காலியை நகர்த்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பால் எங்கிருந்தோ தானாக ஊறுவதில்லை, நீ சாப்பிடுவதிலிருந்து ஊறுகிறது. உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆசையா, அதில் தப்பே இல்லை. ஆனால் அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை, குழந்தை குடிக்கிற ஒவ்வொரு வாயும் நீ சேர்த்து வைத்ததிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒழுங்காகச் சாப்பிடு, தாகத்துக்குத் தண்ணீர் குடி, தினம் காலாற நட, நெய்யையும் லேகியத்தையும் குறை, குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடு. ஏறினது மெதுவாக ஏறியது, இறங்குவதும் மெதுவாகவே இறங்கட்டும். அவசரப்பட்டால் முதலில் குறைவது பால்தான். இதைச் சொல்லிவிட்டுத் தன் வயிற்றைத் தானே தட்டிக்கொண்டு, "என்னோடது போகவே இல்லை, அது வேற விஷயம்" என்றாள். ஜயா அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். நான் சொன்னால் நம்பமாட்டாய், இளைக்கிறதைப் பற்றி டாக்டரம்மா எதற்காகப் பேசுகிறாள் என்று எனக்கு அந்த நிமிஷம்வரை புரியவில்லை. விரதத்துக்கும் இளைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். ஜன்னலில் மழைத் தண்ணீர் வழிந்து, கடைகளும் மனிதர்களும் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சாதம் வடித்து, பருப்பும் கீரையும் போட்டு மொளகூட்டல் பண்ணி, தட்டு போட்டேன். ஜயா உட்கார்ந்தாள். கையை நனைத்துக்கொண்டாள். சாதத்தைத் தொடாமலே அழ ஆரம்பித்தாள்.

"சாப்பிட முடியாதும்மா. நாளன்னிக்குத் திங்கக்கிழமை. சங்கல்பம் பண்ணிண்டதை நடுவுல விட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்."

"விரதம் இருந்துதாண்டி குழந்தைக்கு ஆயிருக்கு."

"இருந்தாலும் தப்பு, விட்டாலும் தப்பு. நான் என்ன பண்றது? நான் சாமிக்காக ஆரம்பிக்கலைம்மா. அதான் சாமி இப்படிப் பண்றார்."

"பின்னே யாருக்காக ஆரம்பிச்சே?"

குழந்தை மடியில் கிடந்து மெல்ல முனகியது. ஜயா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். பல்லார்டு பியரில் நீ கப்பல் ஏறின அன்றைக்கு, கூட்டத்தில் அவள் காதோரம் குனிந்து, "நான் திரும்பி வரும்போது இதே மாதிரி இருக்கணும், என்ன?" என்று கேட்டாயாம். சரி என்று தலையாட்டினாளாம். "அவர் தை மாசம் வந்துடுவாரேம்மா. வந்து பார்த்துட்டு யாருன்னு கேட்டா?" என்றாள்.

ரமணி, உன்னைக் கோபித்துக்கொள்ள இதை எழுதவில்லை. நீ அதை எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? போகிறவன் எல்லாம் சொல்கிற வார்த்தைதான் அது. எதுவும் மாறக்கூடாது, நான் விட்டுப்போகிற இடத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று கண் கலங்கி நிற்கும்போது மனசு கேட்கிறது. நீ மாறாத அன்பைக் கேட்டாய். அவள் மாறாத இடுப்பைக் கேட்டதாக எடுத்துக்கொண்டாள். அவள்மேலும் தப்பில்லை. மசக்கையில் துரும்பாகிப் போன உடம்போடு அன்றைக்கு நின்றாள், அதைத் திரும்பப் பிடித்து வைக்கப் பார்த்தாள். பட்டினி என்று சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரியும். அதனால் எனக்கு எது பிடிக்குமோ அதைக் கையில் எடுத்தாள். கெட்டிக்காரி. ஆனால் எடுத்த பிறகு அது நிஜமாகவே விரதமாகிவிட்டது. சாமிக்குக் கொடுத்த வாக்காகிவிட்டது, பயம் வந்துவிட்டது, விட முடியவில்லை.

அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. சாமிக்கு நேர்ந்ததைப் பாதியில் விடுகிற துணிச்சல் எனக்கும் கிடையாது, விடச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தவும் மனசு வரவில்லை. சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு உன் சித்தப்பாவின் மொட்டைத்தலை ஞாபகம் வந்தது. நீ குழந்தையாக இருந்தபோது உன் அப்பா பழனிக்கு முடி நேர்ந்துகொண்டு, லீவு கிடைக்காமல் தவித்தார். அண்ணாவுக்காகத் தம்பி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். சாமி ஒத்துக்கொண்டது. முடிக்கு ஆள் மாறலாம் என்றால் பசிக்கு மாறக்கூடாதா? ஜயாவை எழுப்பி விளக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். "இவ பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவ. இவ பாக்கி வச்சிருக்கற திங்கக்கிழமை, சஷ்டி, ஏகாதசி, வெள்ளி எல்லாம் இனிமே என்னோடது" என்று சொல்லி, அவள் கையில் தீர்த்தத்தை விட்டு, என் கையில் விடச் சொன்னேன். விட்டாள். பிறகு வந்து உட்கார்ந்து, ஆறின சாதத்தை மூன்று தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட உன் அப்பா, "மாட்டுப்பொண்ணு விரதத்தை மாமியார் இருக்கறதா? நம்ம வம்சத்துலயே இல்லாத வழக்கமா இருக்கே" என்றார். "உங்க வம்சத்துல முடியே ஆள் மாத்திப் போயிருக்கு" என்றேன். இப்போது புரிந்ததா, நான் ஏன் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று? ஜயா சொன்ன அந்த லேசு எனக்கும் இப்போது தெரிகிறது. இந்த நேரத்துக்கு எழுத்தெல்லாம் காகிதத்தை விட்டு அரை அங்குலம் மேலே நிற்கிற மாதிரி இருக்கிறது. சுகமாகத்தான் இருக்கிறது. அந்தச் சுகம்தான் பொல்லாதது. நான் யாருக்கும் பால் கொடுக்க வேண்டியதில்லை, சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வயிறாரச் சாப்பிடுவேன். அவள் இந்த மிதப்பிலேயே எத்தனை நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாளோ.

இனி நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள், நாளைக்கு உனக்கும் உதவும். காலையில் எழுந்ததும் கேழ்வரகுக் கஞ்சி. பத்து மணிக்குச் சாதம், பருப்பு, ஏதாவது ஒரு கீரை, மோர். மத்தியானம் ஒரு பழம், கொஞ்சம் சுண்டல். ராத்திரி சப்பாத்தியோ இட்லியோ, வயிறு கேட்கிற அளவு. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். செம்பூரிலிருந்து வந்த லேகிய டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். உன் மாமியாருக்குத் தெரிய வேண்டாம். சாயங்காலம் மழை விட்டால் குழந்தையை நான் வைத்துக்கொண்டு அவளைத் தோட்டத்துப் பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொல்வேன். முதல் நாள் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிட்டாள். இப்போது ஈர மரங்களுக்கு அடியில் கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் போய்விட்டு, புடவையெல்லாம் சேறாக, கன்னம் சிவந்து வருகிறாள். தராசில் ஏறிப் பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கல்யாண ரவிக்கைகளை நான் எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தேன். தையற்காரன் உள்ளே துணி மடித்து வைத்துத் தைப்பது எதற்கு? இப்படி ஒரு நாள் வரும் என்று அவனுக்குத் தெரிந்ததால்தானே? பிரித்துத் தைத்ததும் கொக்கி எட்டியது. உடம்புக்குத் துணியைச் சரி பண்ணுவதை விட்டுத் துணிக்கு உடம்பைச் சரி பண்ணக் கிளம்பினால் நமக்குத்தான் சேதம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். ஒரு வாரம்போல ஒன்றும் தெரியவில்லை. நான் வெளியே தைரியமாகவும் உள்ளே நடுங்கிக்கொண்டும் இருந்தேன். டாக்டரம்மா சொன்னபடி அடிக்கடி எழுப்பி எழுப்பிக் கொடுத்தாள் ஜயா. பால் வராவிட்டால் என்ன பண்ணுவது, டப்பாப் பால் வாங்குவதா என்று உன் அப்பா கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார். அப்புறம் ஒரு நாள் விடிகாலையில், பால்காரன் மணி அடிப்பதற்கு முன்னால், உன் பெண் அழுதாள். முனகல் இல்லை, நிஜமான அழுகை. கீழே சுலபாபாய் கதவைத் திறந்து என்ன என்று கேட்கிற அளவுக்கு அழுகை. நான் படுக்கையில் கிடந்தபடியே கேட்டேன். கச்சேரியில்கூட அவ்வளவு திருப்தியாக எதையும் கேட்டதில்லை. ஜயா எடுத்துக் கொடுத்தாள், மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் என் கட்டில்வரை வந்தது. அன்றிலிருந்து கயிறு முழுக்கத் துணி. உலர்த்த முடியாமல் சாகிறேன். இந்த மாதம் எடை போட்டபோது முள் நன்றாக நகர்ந்தது. பருப்புச் சாதமும் குழைத்து ஊட்ட ஆரம்பித்துவிட்டோம். ஜயாவும் இளைக்கத்தான் செய்கிறாள், அவளுக்கே தெரியாதபடி, மெதுவாக. கழற்றி வைத்த வளையல் இரண்டு போன வாரம் கையில் ஏறியது.

இத்தனையும் சரியாகிவிட்டது என்றால் இந்த அம்மா இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவானேன் என்று கேட்பாய். ஸ்டுடியோவுக்குப் போனது இதெல்லாம் நடந்த பிறகுதான். பால் வந்துவிட்டது, தெம்பு வந்துவிட்டது, ஆனாலும் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். தை மாதத்தை நினைத்தால் அவள் கை தானாகத் தட்டில் நின்றுவிடுகிறது. வேண்டியதைத்தான் சாப்பிடுகிறாள், பயந்து பயந்து சாப்பிடுகிறாள். என் பங்குக்கு நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். சாமிக்கு அவள் கொடுத்த வாக்குகளை நான் வாங்கிக்கொண்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை வாங்கிக்கொள்ள எனக்குப் பாத்தியதை இல்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது. நீதான் அதிலிருந்து அவளை விடுவிக்க வேண்டும், அதுவும் தை வரைக்கும் காத்திராமல்.

என்ன எழுதுவது என்று உனக்குத் தெரியாது. இளைத்தாலும் பருத்தாலும் நீ அழகுதான் என்று ஏதாவது அசடாக எழுதுவாய், அவள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு இரண்டு நாள் அழுவாள். ஒன்று சொல்கிறேன். போன மாதம் நீ சிநேகிதர்களோடு பனிக்கோட்டு போட்டுக்கொண்டு எடுத்த படம் அனுப்பினாயே. உருளைக்கிழங்கும் வெண்ணெயுமாகத் தின்று கன்னம் உப்பி, கோட்டுப் பொத்தான் தெறிக்கிற மாதிரி நிற்கிறாய். உன் அப்பா பார்த்துவிட்டு, "யார் இது, நடுவுல ஒரு கான்ட்ராக்டர்?" என்று கேட்டார். ஜயா அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். உன் கன்னத்தை விரலால் தடவினாள். "நன்னா சாப்பிடறார். அது போறும் எனக்கு" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே வார்த்தையை அவளுக்கு எழுது, ரமணி. இன்றைக்கே எழுது. இந்த வீட்டுக்கு வருகிற உன் கடிதங்களை யார் பேருக்கு வந்தாலும் முதலில் பிரித்துப் படிக்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். அதை மட்டும் பிரிக்கமாட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா